சட்டைப் பையில் இருந்த ஆந்தை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் பேசுவோர் வழக்கமாக ஒரு நூலைப் பற்றிப் பேசுவார்கள். நானும் இன்று இரண்டு நூல்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஒன்று உலகம் அறிந்த நூல். மற்றது ஓர் ஆந்தையின் வாழ்க்கை வரலாறு. ஆனால் அவற்றுக்குப் போவதற்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவ்விரண்டு நூல்களும் உண்டென்று எனக்கு முதலிற் சொன்னவர் அவரே.

அவரை ஊரில் எல்லோரும் மிஸ்ஸியம்மா என்றுதான் அழைப்பார்கள். ஆஸ்பத்திரித் தாதியரை மிஸ்ஸி என்று கூப்பிடுவது நம் நாட்டு வழக்கம். அவர் 1982 இல் பென்சன் எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்பியவர். கலியாணம் செய்யவில்லை. வீட்டிலே மூன்று நாய்கள், கணக்கில்லாத பூனைகள், பின்னங்கால் ஒன்று சூம்பிய ஓர் ஆடு. ஊசி போடவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் ஊரார் வருவார்கள். கொம்பு முறிந்த மாட்டைக்கூட அவர் படலையடிக்குக் கொண்டுவந்து கட்டுவார்கள். "நான் மாட்டு டொக்டர் இல்லை" என்று சத்தம் போட்டுக்கொண்டே சுடுதண்ணீர் வைப்பார்.

அவர் வீட்டு முன்விறாந்தையில் விளக்கேந்திய சீமாட்டியின் படம் ஒன்று தொங்கியது. நம் பாடப்புத்தகங்களில் எல்லோரும் கண்ட அதே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்தான். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்காக அந்த அம்மையாரைப் பற்றி நாலு வசனம் கேட்கப் போனேன். அவர் சொன்னது இதுதான்:

"எல்லாரும் விளக்கைப் பற்றித்தான் கதைக்கினம். அந்த மனுசி சட்டைப் பைக்குள்ளை ஆந்தைக்குஞ்சை வைச்சுக்கொண்டு திரிஞ்சது ஒருத்தருக்கும் தெரியாது."

ஆந்தை என்றதும் எனக்கு அரைவாசிப் பேச்சு மறந்துபோயிற்று. நம்மூரில் ஆந்தை அலறினால் கிழவிகள் வாசலில் வந்து நின்று ஏசித் துரத்துவார்கள். சாக்குருவி என்பார்கள். அதைப் பையில் வைத்திருந்த ஒருவரைப் பாடப்புத்தகத்தில் எப்படிப் போட்டார்கள் என்பதே அப்போது என் யோசனை.

பின்னாளில் நானே வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

நைற்றிங்கேல் அம்மையார் 1820 மே 12 ஆந் திகதி இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரிற் பிறந்தவர். பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். ஒரு வருடம் மூத்த தமக்கை நேப்பிள்ஸ் நகரிற் பிறந்தபடியால் அந்த நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்தெனோப் என்பது அவருக்கு வாய்த்தது. செல்வக் குடும்பம். இங்கிலாந்தில் இரண்டு பெரிய வீடுகள். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போவதென்பது அக்காலத்தில் நினைக்கவும் கூடாத காரியம்.

அவருடைய முதல் நோயாளி ஒரு நாய் என்று சொல்வார்கள். வயது பதினாறு நடக்கும்போது நிகழ்ந்தது. ரோஜர் என்ற கிழ இடையரிடம் கேப் என்ற காவல் நாய் இருந்தது. பையன்கள் கல்லெறிந்ததில் அதன் கால் முறிந்துவிட்டதென்று எண்ணி, அதைத் தூக்கிலிட்டுவிட இடையர் முடிவு செய்திருந்தார். அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடவேண்டாம். வேலை செய்ய இயலாத நாய்க்குத் தீனி போட அந்த ஏழையிடம் வழியில்லை, அவ்வளவுதான். வழியில் இதைக் கேள்விப்பட்ட புளோரன்ஸ், உடன் வந்த பாதிரியாரோடு இடையரின் குடிசைக்குப் போனார். பாதிரியார் காலைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, அடிபட்டு வீங்கியிருக்கிறது, சுடுதண்ணீர் ஒத்தடம் போதும் என்றார். அந்தப் பெண் அடுப்பு மூட்டி, துணி தேடி, ஒத்தடம் கொடுத்தார். நாய் பிழைத்தது.

இது பின்னாளில் பலராலும் மெருகிடப்பட்ட கதை. இருந்தாலும் இதில் எனக்குப் பிடித்தது இரக்கம் அல்ல, கால் உண்மையிலேயே முறிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்ததுதான். பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இடையரிடம் மட்டுமா இருக்கிறது?

ஆந்தைக் கதைக்கு வருவோம். 1850 ஜூன் மாதம். எகிப்துப் பயணத்தை முடித்துக்கொண்டு நண்பர்களுடன் அம்மையார் ஏதென்ஸ் நகரில் தங்கியிருந்தார். மனம் சரியில்லாத காலம். தாதியாக வேண்டுமென்ற ஆசைக்கு வீட்டார் இடங்கொடுக்கவில்லை. விரும்பிவந்த ஒருவரை மணஞ்செய்ய மறுத்திருந்தார். வயது முப்பதாகிவிட்டது. அந்நிலையில் பார்தினோன் கோயிலடியில் கூட்டிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்றைச் சிலர் பிடித்து வதைப்பதைக் கண்டார். சில்லறைக் காசு கொடுத்து அதை வாங்கினார். அதீனா என்று பெயர் வைத்தார். அது அந்தக் கோயிலுக்குரிய தெய்வத்தின் பெயர். நமக்கு அபசகுனமான பறவை கிரேக்கருக்கு அறிவுத் தெய்வத்தின் வாகனம்போல! பழைய ஏதென்ஸ் நாணயங்களிலே ஆந்தையைப் பொறித்திருக்கிறார்கள்.

கிரேக்கத்திலிருந்து அவர் கொண்டுபோனது ஆந்தையை மட்டுமல்ல. இரண்டு ஆமைகள், அவற்றுக்கு ஏதென்ஸில் பழகிய மிஷனரித் தம்பதியரின் பெயரையே வைத்து, திருவாளர் ஹில், திருமதி ஹில் என்று அழைத்தார். ஒரு சில்வண்டு, அதன் பெயர் பிளேற்றோ. வழியில் அதீனா பிளேற்றோவைத் தின்றுவிட்டது. தத்துவஞானியை அறிவுத் தெய்வமே விழுங்கிவிட்டதே என்று மிஸ்ஸியம்மா சொல்லிச் சிரிப்பார். இந்தப் பரிவாரத்தோடு திரும்பும் வழியிலேதான் ஜேர்மனியில் கைசர்ஸ்வேர்த் என்னும் இடத்துத் தாதியர் நிலையத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தார். அடுத்த வருடம் அங்கே போய் மூன்று மாதம் பயிற்சியும் பெற்றார்.

நாலு வருடம் அதீனா அம்மையாரின் சட்டைப் பையிலும் விரலிலுமாக வளர்ந்தது. அவருக்கு மிகவும் செல்லம். வந்த விருந்தினரைக் கொத்தவும் செய்யும்.

1854 ஒக்ரோபர் மாதம் கிரிமியப் போர்முனையிலிருந்து செய்தி வந்தது. காயப்பட்ட பிரித்தானியப் போர்வீரர் பராமரிப்பின்றிச் சாகிறார்கள். அம்மையார் 38 தாதியரை அழைத்துக்கொண்டு துருக்கியிலுள்ள ஸ்குற்றாரிக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. வீடு முழுவதும் அமளி. அந்த அமளியில் ஆந்தையை யாரோ மேல்மாடி அறையில் விட்டார்கள். எலி பிடித்துத் தின்னும் என்று எண்ணியிருக்கவேண்டும். கையால் ஊட்டி வளர்த்த பறவைக்கு எலி பிடிக்கத் தெரியுமா? அது செத்துப்போயிற்று. செய்தியறிந்த அம்மையார் அந்தச் சிறு உடலைக் கையில் வாங்கி அழுதார் என்று தமக்கை எழுதுகிறார். அந்த வாரம் முழுவதும் அவர் கண்ணீர் விட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றப் புறப்பட்டவரின் வீட்டிலேயே ஓர் உயிர் கவனிப்பாரின்றிப் பசியிற் செத்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பெரிய காரியத்துக்குப் புறப்படும் வீடுகளில் இது நடக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

அக்ரோபர் 21 இற் புறப்பட்டு நவம்பர் 4 இல் ஸ்குற்றாரியை அடைந்தார். அங்கே நடந்தவற்றை விரித்துரைக்க நேரம் போதாது. பாடப்புத்தகத்திலும் அவை உள்ளன. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அம்மையார் வந்த பின்னரும் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பெப்ரவரியில் அங்கே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதம் சுகாதார ஆணைக்குழு வந்து பார்த்தபோது ஆஸ்பத்திரிக்குக் கீழே மலக்குழிகள் நிரம்பிக் கிடந்தன. குடிநீர் வரும் வழியிலே செத்த குதிரை கிடந்தது. அவற்றை அகற்றிய பிறகுதான் சாவு மளமளவென்று விழுந்தது. வெறும் அன்பினால் நோய் தீராது என்பதை அம்மையார் பின்னர் கணக்கெடுத்து அறிந்துகொண்டார். அந்த அறிவிலிருந்தே அவருடைய உண்மையான பெரும்பணி தொடங்கியது எனலாம். விலங்கன்பு என்றதும் எலிக்கும் இரங்கியவர் என எண்ணவேண்டாம். சுகவீனமுற்றுக் கிடந்த கன்னியாஸ்திரி ஒருவரின் தலைக்கு மேலே உத்தரத்தில் வந்த எலியைக் குடையால் அடித்து வீழ்த்தினார் என்று ஒரு செய்தி உண்டு.

1855 மே மாதம் அவரே கடுங்காய்ச்சலில் விழுந்தார். கிரிமியக் காய்ச்சல் என்றார்கள். அது விலங்குகளின் பாலால் மனிதரைப் பற்றும் புரூசெல்லோசிஸ் என்னும் நோயாக இருக்கவேண்டும் என்று 1995 இல் ஆய்வாளர் ஒருவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். விலங்குகளை நேசித்தவரை வாழ்நாள் முழுவதும் கட்டிலில் கிடத்தியது விலங்கிலிருந்து வந்த நோய் போலும். ஆட்டுப்பாலுக்கும் அந்த நோய்க்குமுள்ள தொடர்பை மோல்ற்றாத் தீவில் கண்டுபிடித்தது 1905 இல்தான். அதற்குள் அம்மையார் எண்பதைத் தாண்டிவிட்டார்.

நான் சொன்ன ஆந்தையின் வாழ்க்கை வரலாறு இங்கேதான் வருகிறது. தங்கை காய்ச்சலில் கிடக்கிறாள் என்றறிந்த பார்தெனோப், அதீனாவின் வாழ்வையும் மரணத்தையும் எழுதி, படங்களும் தாமே வரைந்து, சிறு நூலாக்கி ஸ்குற்றாரிக்கு அனுப்பினார். இந்த அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் பல வருடப் பிணக்கு. தங்கை தாதியாகப் போவதை மிகவும் எதிர்த்தவர்களில் அக்காவும் ஒருவர். அவர் நலம் விசாரித்துக் கடிதம் எழுதியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் அனுப்பியது செத்துப்போன ஆந்தையின் கதையை. இலக்கியம் இப்படியான சமயத்துக்கும் உதவுகிறது. நேரே சொல்ல முடியாத ஒன்றை ஒரு பறவையின் கையிற் கொடுத்தனுப்பலாம்.

1856 ஆகஸ்ற் மாதம் அம்மையார் நாடு திரும்பினார். கிரிமியாவிலிருந்து ஒரு காலிழந்த பையன், ஓர் அநாதை ருஷ்யச் சிறுவன், ரூஷ் என்ற நாய்க்குட்டி ஆகிய மூவரும் அவர் பேரில் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். போரிலே வென்றவர்கள் கொண்டுவரும் கொள்ளைப் பொருள் வேறாக இருக்கும்.

தாதியாக அவர் நோயாளிகள் பக்கத்தில் நின்று பணியாற்றியது 1853 முதல் 1856 வரை, மூன்று வருடங்கள் மாத்திரமே. அதற்குப் பின் அரைநூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1857 இலிருந்து பெரும்பாலும் கட்டிலும் அறையுமாகவே இருந்தார். அந்த அறையிலிருந்தே தாதியர் பயிற்சிப் பள்ளி, இராணுவச் சுகாதாரம், இந்தியாவின் குடிநீரும் பஞ்சமும் என்று ஓயாமல் எழுதிக் குவித்தார். இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. அந்த அறையில் அவருக்குத் துணை பூனைகள். பாரசீகப் பூனைகள். வாழ்நாளில் அறுபது வரை வளர்த்திருப்பார் என்கிறார்கள். பிஸ்மார்க், டிஸ்ரேலி, கிளாட்ஸ்டன் என்று அரசியல் தலைவர்களின் பெயர்களைப் பூனைகளுக்கு வைத்தார். அமைச்சர்களுக்கு அனுப்பக் காத்திருக்கும் தாள்களிலே டிஸ்ரேலி நடந்துபோகும். மைபட்ட பூனைப் பாதங்கள் அவருடைய கையெழுத்துத் தாள்களில் இன்றும் காணக்கூடியவை.

நேயர்களே, 1890 ஜூலை 30 ஆந் திகதி எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியில் அவருடைய குரலைப் பதிந்தார்கள். வறுமையில் வாடிய பழைய போர்வீரர்களின் உதவி நிதிக்காக. அது இன்றும் உள்ளது. இரைச்சலுக்குள்ளே ஒரு கிழவியின் குரல், தெளிவாக, கொஞ்சம் கண்டிப்பாக. வானொலியில் பேசுகிற எனக்கு அதைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது.

அவர் கண்டிப்பானவர்தான். தம்மோடு உழைத்தவர்களை வருத்தினார். அவருடைய திட்டங்களுக்காக ஓடியோடி உழைத்த அமைச்சர் சிட்னி ஹேர்பேட் நோயுற்றிருந்த காலத்தும் அவரை விட்டுவைக்கவில்லை. 1861 இல் அவர் இறந்தபோது அம்மையார் நொறுங்கிப்போனார். ஆனால் அது பின்னர். இந்த இடத்தில் எனக்கு நம் பேகனின் நினைவு வரும். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று நாம் படிக்கிறோம். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளை அழவிட்டான் என்பதும் புறநானூற்றில் இருக்கிறது. கபிலர், பரணர் முதலிய புலவர்கள் பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்று அவனிடம் இரந்தார்கள். மயிலிடம் இளகிய நெஞ்சு மனிதரிடமும் இளகும் என்று ஒரு விதியும் இல்லை. விலங்கை நேசிப்பவர் எல்லோரும் உத்தமர் என்று பேசுவோர் அந்தப் பாடல்களை ஒருமுறை வாசிக்கலாம்.

ஆனால் பேகனுக்கும் அம்மையாருக்கும் ஒரு வேறுபாடு. மயிலுக்குக் குளிருமா என்று பேகன் பார்க்கவில்லை. அம்மையார் எதையும் பார்த்துத்தான் செய்தார். அவருடைய 'தாதியம் பற்றிய குறிப்புகள்' என்ற நூல் 1859 இல் வந்தது. அதிலே ஓர் அத்தியாயம், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் வாயைப் பற்றியது. ஒன்றுமில்லை, சுகமாகிவிடும், அந்த மருந்தைச் சாப்பிடு, இந்த ஊருக்குப் போ என்று பொய் நம்பிக்கையும் புத்திமதியும் சொல்லி நோயாளியை வதைக்கிறார்கள் என்று சீறுகிறார். ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமுமாக ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சூழ்ந்து நின்று நாம் பேசுவதையெல்லாம் அவர் கேட்டுவிட்டாரோ என்று தோன்றும்! அந்த அத்தியாயத்திலேதான், நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி மிக நல்ல துணை என்கிறார். வருடக்கணக்காக ஒரே அறையில் கிடப்பவருக்குக் கூட்டிலுள்ள பறவை ஒன்றே மகிழ்ச்சியாக இருப்பதுண்டு என்கிறார். தாதி ஒருவரும் நாய் ஒன்றும் தன்னைக் கவனித்ததை ஒப்பிட்ட நோயாளி, நாயே மேல் என்றாராம். முக்கிய காரணம், நாய் பேசவில்லை. தாதியர்க்கு எழுதிய நூலில் ஒரு தாதி இதை எழுதுகிறார்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று அங்கே ஒரு வரியாகக் கிடக்கிறது. அந்தப் பிராணிக்கு உணவு கொடுப்பதையும் அதைத் துப்புரவாக வைத்திருப்பதையும் நோயாளியே செய்யக்கூடுமானால் அவரையே செய்யவிடவேண்டும் என்கிறார். நோயாளிக்கு நாம் எல்லாவற்றையும் செய்துகொடுக்கிறோம். அவர் செய்வதற்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஒருவருக்கும் வேண்டாதவராகிவிட்டேன் என்ற எண்ணம் காய்ச்சலைவிடப் பொல்லாதது. தன் கைச்சோற்றுக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்றால் கிழவரும் காலையில் எழும்புவார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் தாய்தகப்பன் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்கள் ஏன் நாயோடும் கோழியோடும் கதைக்கிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள்.

மிஸ்ஸியம்மாவுக்கு அந்த வரி மனப்பாடம். எங்கள் அப்பாச்சி பாரிசவாதத்தில் படுத்தபோது ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் விட்டார். அம்மா முகத்தைச் சுளித்தார். ஒரு கிழமையில் அப்பாச்சி இடக்கையால் பால்சோறு பிசையப் பழகிவிட்டார். பூனைக்கு.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டோம். மழை. வீதி நிறைந்த சனம். சைக்கிள்கரியரில் அரிசிமூட்டை, கையில் பிள்ளை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அங்கே நின்றபோதுதான் என் தங்கை கேட்டாள், "அண்ணா, வீரனை அவிட்டு விட்டனீங்களோ?"

வீரன் எங்கள் நாய். வேலியோர மாமரத்தில் சங்கிலியால் கட்டியிருந்தது. நான் அவிழ்க்கவில்லை. அப்பா நான் அவிழ்த்தேன் என்று நினைத்தார். திரும்பிப்போக வழியில்லை.

மூன்று நாளின் பின் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் மிஸ்ஸியம்மாவைக் கண்டேன். எழுபதை எட்டிக்கொண்டிருந்த மனுசி. பிரப்பங்கூடைக்குள் ஒரு பூனையை வைத்துத் துணியால் மூடியிருந்தார். மற்றவை எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். ஊர் கிளம்பிய பிறகு ரோச்சை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் வீடுவீடாகப் போனாராம். தொழுவத்து மாடுகள், ஆடுகள், கூட்டுக் கோழிகள், நாய்கள் எல்லாவற்றையும் திறந்தும் அவிழ்த்தும் விட்டாராம். கடைசி ஆட்களோடு நடந்து வந்தாராம்.

"உங்கடை நாயையும் அவிட்டு விட்டிட்டன், தம்பி. கடிக்க வந்தது. கொக்கியைக் கழட்டினாப் பிறகு கையை நக்கிச்சுது."

பிறகு, "அந்த மனுசியின்ரை ஆந்தை மாதிரி ஒண்டும் உள்ளுக்கை கிடக்கக்கூடாதெண்டு நினைச்சன்" என்றார்.

அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நைற்றிங்கேல் அம்மையார் 1910 ஆகஸ்ற் 13 ஆந் திகதி தொண்ணூறாவது வயதில் இறந்தார். பெரிய ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தும் குடும்பத்தார் மறுத்து, ஈஸ்ற் வெலோ என்ற கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கினர். கல்லறையில் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே உள்ளன. அதீனாவின் உடலைப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். லண்டனில் சென் தோமஸ் வைத்தியசாலை வளவிலுள்ள நைற்றிங்கேல் அரும்பொருட்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் அது இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான்.

1996 இல் நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். கூரையில் பாதி இல்லை. முற்றமெல்லாம் பற்றை. வீரன் வரவில்லை, பிறகும் வரவில்லை. நான் முதலிற் போய்ப் பார்த்தது மாமரத்தடியைத்தான். சங்கிலி துருப்பிடித்துக் கிடந்தது. அதன் கொக்கி திறந்திருந்தது.